மலையகத்தில் அன்றாடப் பயணமும் பச்சைவீட்டு வாயுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனங்களிலிருந்து வெளியேறிப் புவியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயுக்களை, முக்கியமாகக் காபனீரொட்சைட்டை, குறைப்பது பற்றி நாம் வாசிக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை சமதரை நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ குடியிருப்பவருக்கு அவற்றில் பாதிதான் பொருந்தும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்வோர் வேலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் சென்றுவரும் பயணங்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசப்படுகிறது. கொழுந்து லொறிகளையும் சுற்றுலா வாகனங்களையும் வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறும்?

பெற்றோல் என்றால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம், டீசல் என்றால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோகிராமைக்கூடத் தொடாதபோது அதிலிருந்து 2.3 கிலோகிராம் வாயு எப்படி வரும் என்று பலரும் ஐயப்படுகிறார்கள். பெற்றோலின் நிறையில் 85 வீதம் அளவு காபன். எரியும்போது ஒவ்வொரு காபன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. காபனின் அணுநிறை 12, இரண்டு ஒட்சிசன் அணுக்களின் நிறை 32; ஆகவே 12 பங்கு காபன் 44 பங்கு வாயுவாக வெளியேறுகிறது. கூடிய நிறை முழுவதும் காற்றிலிருந்து வந்தது. மசகெண்ணெயை அகழ்ந்து, சுத்திகரித்து, கப்பலில் கொண்டுவந்து, பவுசரில் மலையேற்றுவதால் ஏற்படும் வெளியேற்றம் இந்தக் கணக்கில் சேரவில்லை. தம் வாகனத்தின் வெளியேற்றத்தை அறிய விரும்புபவருக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. மாதத்தில் அடித்த பெற்றோல் லீற்றர்களை 2.3ஆல் பெருக்கினால் போதும்.

மலையேற்றம் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசத்தை ஏற்படுத்துமா?

ஏற்படுத்தும். மலையகத்தில் தூரத்துக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்பவர் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம் ஏறுகிறார். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க, டயரின் உராய்வையும் காற்றின் தடையையும் கணக்கில் எடுக்காமலே, 19 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலிலுள்ள சக்தியில் சக்கரம் வரை வந்துசேர்வது கால்வாசி, அதாவது 8 மெகாயூல் அளவுதான் என்பதால், உயரம் ஏறுவதற்கு மட்டும் இரண்டேகால் லீற்றருக்கு மேல் எரிகிறது. திரும்பி இறங்கும்போது அந்தச் சக்தி பிரேக்கின் சூடாகப் போய்விடுகிறதே தவிர, பெற்றோலாகத் தாங்கிக்குத் திரும்பி வருவதில்லை.

ஆகவே ஓர் ஆள் மேலே போய்ச்சேர, அவரோடு எத்தனை கிலோகிராம் இரும்பையும் சேர்த்து மலையேற்றுகிறோம் என்பதே முதற்கேள்வி. தனியாகக் காரோட்டிச் செல்பவர் தம்மோடு ஓராயிரம் கிலோகிராமுக்கு மேல் ஏற்றுகிறார். அதே காரில் நால்வர் இருந்தால் ஆளுக்கு முந்நூறுக்கும் குறைவு. எட்டுத் தொன் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 160 கிலோகிராம். மோட்டார் சைக்கிளில் தனியே செல்பவருக்கு 110 அல்லது 120. மலைப் பாதையின் வெளியேற்றத்தை ஏற்றமும் காலி இருக்கையுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்களில் பல இந்த இரண்டையும் சுற்றியே அமையும்.

பஸ், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றை எப்படி ஒப்பிடுவது?

மலைப் பாதையில் ஒரு லீற்றருக்கு பஸ் 3 கிலோமீற்றரும், கார் 11 கிலோமீற்றரும், முச்சக்கரவண்டி 22 கிலோமீற்றரும், மோட்டார் சைக்கிள் 45 கிலோமீற்றரும் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாகனம் வேறு கணக்குச் சொன்னால் அதையே இட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கின்படி, ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸில் ஒருவருக்கு ஒரு கிலோமீற்றருக்கு 18 கிராம் காபனீரொட்சைட்டு வருகிறது. மோட்டார் சைக்கிளில் தனியாகச் சென்றால் 51 கிராம். பின்னால் ஒருவர் அமர்ந்தால் அதில் பாதி. காரில் தனியாகச் சென்றால் 210 கிராம், நால்வர் சென்றால் 52 கிராம்.

முச்சக்கரவண்டியின் கணக்குத்தான் பலரை வியப்பில் ஆழ்த்துகிறது. ஒரு கிலோமீற்றருக்கு 105 கிராம் என்பது காரில் பாதி என்றாலும், டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒருவரை ஏற்றிவரும் ஆட்டோ பெரும்பாலும் காலியாகவே திரும்புகிறது. அந்தத் திரும்பும் பயணமும் அந்த ஒருவருக்காகவே நடந்தது என்பதால் அவருடைய கணக்கு 210 கிராமாகி, தனியாகக் காரில் போனவரோடு சமமாகிவிடுகிறது. மூன்று பேர் சேர்ந்து போனால் அதுவே ஆளுக்கு 70 கிராமாகக் குறைகிறது. மூட்டை முடிச்சுகளோடு வருபவருக்கும் நோயாளிக்கும் ஆட்டோவை விட்டால் வேறு வழியில்லை என்பதை நாமும் அறிவோம். இங்கே சொல்லப்படுவது தனியாகப் பிடிக்கும் ஆட்டோவைப் பற்றி.

பத்துப் பேரோடு ஓடும் பஸ்ஸின் கணக்கு ஆளுக்கு 90 கிராம். மோட்டார் சைக்கிளைவிட மோசம். ஆனால் அந்த பஸ் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது. நீங்கள் ஏறுவதால் கூடுதலாக எரிவது மிகச் சொற்பம். ஏறாமல் வேறு வாகனத்தில் போனால் அந்த வாகனத்தின் வெளியேற்றம் முழுவதும் புதிதாகச் சேர்கிறது.

கறுப்புப் புகை கக்கும் பழைய பஸ்ஸை எப்படி நல்லது என்று சொல்ல முடியும்?

கண்ணுக்குத் தெரியும் புகையும் காபனீரொட்சைட்டும் வேறு வேறு. காபனீரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. புகையே தெரியாமல் ஓடும் புத்தம் புதிய ஜீப் வண்டி, புகை கக்கும் பஸ்ஸைவிட ஆளொன்றுக்குப் பத்து மடங்கு காபனீரொட்சைட்டை வெளியேற்றலாம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க நாம் செய்யும் புகைப் பரிசோதனையும் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், டீசல் புகையின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டே வாகனத்தைச் சித்தியடையச் செய்கிறது. அதில் சித்தியடைந்த வாகனம் காலநிலைக்குக் குறைந்த தீங்கு செய்யும் வாகனம் என்று பொருளாகாது.

அதற்காகக் கறுப்புப் புகையை மன்னித்துவிடவும் முடியாது. அதிலுள்ள நுண்கரி சூரிய வெப்பத்தை உறிஞ்சி வளியைச் சூடாக்குகிறது. பஸ் நிலையத்தில் நிற்பவரின் நுரையீரலையும் கெடுக்கிறது. அந்தப் புகைக்குத் தீர்வு பஸ்ஸின் இன்ஜெக்டரையும் காற்று வடிகட்டியையும் பராமரிப்பதே. பயணிகள் காருக்கு மாறுவது அல்ல.

வாகனமே இல்லாமல் தோட்டத்தில் வாழ்பவர்கள் எதைக் குறைக்க வேண்டும்?

எதையும் குறைக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆளொருவரின் சராசரி காபனீரொட்சைட்டு வெளியேற்றம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். மலைக்கு நடந்துபோய்க் கொழுந்து பறித்து, நடந்தே லயத்துக்குத் திரும்பி, சம்பளம் கிடைத்த பின் ஒருமுறை பஸ்ஸில் டவுனுக்குப் போய்வரும் குடும்பம் இலங்கைச் சராசரிக்கும் கீழேயே நிற்கும். அவர்களுக்குச் சிக்கன உபதேசம் செய்வது நியாயமில்லை. மேல் பிரிவில் இருப்பவர் பிரதான வீதிக்கு வரவே மணிக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும் தோட்டங்களில், புதிதாக ஒரு பஸ் ஓடத் தொடங்குவதால் வெளியேற்றம் சற்றுக் கூடினாலும் அது தேவையான கூடுதல்தான்.

நமது கேள்வி மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, வேன், கார் வைத்திருப்போரையும், இனி வாங்கப் போகிறவர்களையும் நோக்கியதே.

ரயிலில் போவது எப்போதும் சிறந்ததா?

பெரும்பாலும் ஆம். 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய மலையக ரயில் பாதை இன்றும் டீசல் எஞ்சின்களிலேயே இயங்குகிறது. 44 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறும் இடங்களும் அதில் உண்டு. ஆனாலும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு, ஆட்களோ நூற்றுக்கணக்கில். கொட்டகலை, தலவாக்கலை, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை போன்று டவுனிலேயோ அருகிலேயோ நிலையம் உள்ள இடங்களில் வசிப்பவர்களுக்கு ரயிலும் பருவகாலச் சீட்டும் இலாபமானவை.

நுவரெலியாவுக்குத்தான் இந்த வசதி இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை சென்ற குறுகிய ரயில் பாதை 1948இல் மூடப்பட்டது. ஆகவே நானுஓயாவில் இறங்குபவர் எஞ்சிய ஏழெட்டுக் கிலோமீற்றரை பஸ்ஸில் போகிறாரா, தனி வேன் பிடிக்கிறாரா என்பதில் ரயிலில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி போய்விடலாம். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலால் இந்தப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. பயணத்துக்கு முன் உங்கள் பகுதிக்கான சேவையை நிலையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சமாகுமா?

ஆகாது. நவீன எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின்களில், கியரில் வைத்து அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருள் விநியோகம் முற்றாக நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குபவர் மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டே செலவழிக்கிறார். பழைய கார்பரேட்டர் வாகனங்களில் இந்த நிறுத்தம் இல்லையென்றாலும், கினிகத்தேனை இறக்கத்திலோ றம்பொடை வளைவுகளிலோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமற்போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வது எரிபொருளுக்கும் பொருந்துகிறது, உயிருக்கும் பொருந்துகிறது.

உயரமும் குளிரும் வாகனத்தை எப்படிப் பாதிக்கின்றன?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின்கள் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டர் உள்ள முச்சக்கரவண்டிக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ அது தெரியாது. கொழும்பில் ட்யூன் செய்யப்பட்ட அளவிலேயே பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். காற்றுக் குறைவு, பெற்றோல் அதிகம் என்பதால் அது முழுமையாக எரியாமல் கறுப்பாக வெளியேறும், இழுவையும் குறையும். பழைய வாகனத்தை வெளியூரில் வாங்கி மலைக்குக் கொண்டுவந்தவர்கள் முதலில் ஓர் உள்ளூர் கராஜில் கார்பரேட்டரைச் சரிசெய்துகொள்வது நல்லது. டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளோ ஒயிலையும் சேர்த்தே எரிக்கின்றன. எரியாத பெற்றோலில் ஒரு பகுதி நேரடியாகவே புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. அவற்றை ட்யூன் செய்து காப்பாற்றுவதைவிட மாற்றிவிடுவதே மேல்.

டயர் காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வரும்போது குளிரால் டயரின் அழுத்தம் குறைய வேண்டும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் அளவுமானி ஏறத்தாழ அதே எண்ணைத்தான் காட்டும். உயரத்தைக் காரணங்காட்டிக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. ஆனால் காற்று இறங்கிய டயரோடு ஓடினால் எரிபொருள் வீணாகும். ஆகவே மாதம் இருமுறையாவது பாருங்கள்.

மின்சார வாகனம் மலையில் இழுக்குமா? அந்த மின்சாரமும் நிலக்கரியில் வருவதுதானே?

இழுக்கும், மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையையும் தருவதால் ஏற்றத்தில் அதன் நடை பெற்றோல் வாகனத்தைவிட இலகுவானது. இறக்கத்தில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஏறும்போது செலவழித்ததில் கணிசமான பங்கை பட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பெற்றோல் காரால் செய்யவே முடியாத வேலை அது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நுவரெலியாவில் பட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு கம்பளைக்கு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தைச் சேமிக்க இடமிருக்காது. மேட்டில் வசிப்பவர்கள் 80 வீதத்தோடு நிறுத்திக்கொள்வது பட்டரிக்கும் நல்லது, சக்திக்கும் நல்லது.

2015 அளவில் பெருமளவில் இறக்குமதியான 24 கிலோவாட் மணி (அதாவது 24 அலகு) நிஸான் லீஃப் கார்கள் இன்று பாவித்த கார்களின் விலைக்குக் கிடைக்கின்றன. பட்டரி தேய்ந்து 15 அலகுதான் தாங்கும் என்றால், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற 13 அலகு அளவில் செலவாகும். போய்ச்சேரலாம், ஆனால் மனம் படபடக்கும். ஒரே டவுனுக்குள் ஓடுபவருக்கு அதே கார் தாராளமாகப் போதும்.

நிலக்கரி பற்றிய ஐயம் நியாயமானதுதான். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இயங்குகிறது. அதேவேளை காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் நீரும், தலவாக்கலையில் மறிக்கப்பட்டு 2012 முதல் 150 மெகாவாட் தரும் மேல் கொத்மலைத் திட்டமும், அண்மைக்காலச் சூரிய மின்சாரமும் சேர்ந்து, மழை பெய்த ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத் தருகின்றன. ஓர் அலகுக்கு அரைக் கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்று சற்றுக் கூட்டியே வைத்துக்கொண்டாலும், அலகுக்கு 7 கிலோமீற்றர் ஓடும் மின்சாரக் காரின் கணக்கு 70 கிராமைச் சுற்றியே நிற்கிறது. மின்சார ஸ்கூட்டருக்கு 15 கிராம் அளவில்தான். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் எண்ணெய் மின்நிலையங்களும் இயங்குவதால் அப்போது சார்ஜ் செய்யாதீர்கள். வெயில் நேரம் மிக நல்லது; முடியாவிட்டால் நள்ளிரவுக்குப் பின்.

லயத்து வீடுகளில் ஸ்கூட்டரை சார்ஜ் செய்யலாமா?

பட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துச்செல்லக்கூடிய ஸ்கூட்டருக்குச் சாதாரண சுவர்ச் செருகி போதும். ஆனால் ஒரே இணைப்பிலிருந்து பல காம்பராக்களுக்கு வயர் இழுக்கப்பட்ட பழைய லயங்களில், நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக உள்ளனவா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்க்காமல் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு வைப்பது ஆபத்தானது.

ஹைபிரிட் வாங்கலாமா?

நின்று நின்று நகரும் டவுன் நெரிசலில் ஹைபிரிட் நன்றாக மிச்சப்படுத்தும். நீண்ட ஏற்றத்தில் அதன் சிறிய பட்டரி விரைவில் தீர்ந்து, பெற்றோல் எஞ்சினே முழுப் பாரத்தையும் இழுக்கும். நீண்ட இறக்கத்திலோ பட்டரி விரைவில் நிரம்பிவிடும். விளம்பரத்தில் சொல்லப்படும் கிலோமீற்றரை மலையில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏசி போடுவதால் எவ்வளவு கேடு?

நுவரெலியாவின் குளிரில் பனிமூட்டிய கண்ணாடியைத் தெளிவாக்க மட்டுமே அது வேண்டும். அந்த எரிபொருள் சிறிது. கசிவுதான் பெரிது. பெரும்பாலான கார்களிலுள்ள 134ஏ என்ற குளிரூட்டி வாயு, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,300 முதல் 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அரைக் கிலோகிராம் கசிந்தால் ஏறத்தாழ 300 லீற்றர் பெற்றோல் எரித்ததற்குச் சமம். ஆண்டுதோறும் "கேஸ்" நிரப்ப வேண்டியிருந்தால் குழாயில் கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் மீண்டும் மீண்டும் நிரப்பித்தரும் கராஜை மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதில் என்ன செய்யலாம்?

டவுன் பாடசாலைகளின் வாசலில் காலையில் நிற்கும் வாகனங்களைக் கவனித்தால் விடயம் புரியும்: ஒரே பக்கத்திலிருந்து வரும் நான்கு கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, எஞ்சின் அணைக்கப்படாமல். நிறுத்திய கார் எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு முக்கால் லீற்றர் அளவில் எரியும். பாடசாலை வேனில் இடமிருந்தால் அதுவே முதல் தெரிவு. மாணவர்களுக்கான "சிசு செரிய" பஸ் சேவை உங்கள் பாதையில் ஓடினால் அது இன்னும் மேல், மலிவும்கூட. இரண்டும் இல்லையென்றால் அயலவர்கள் முறை வைத்து ஒரே காரில் எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுபோய் விடலாம்.

2022இன் எரிபொருள் நெருக்கடி இது பற்றி எதையாவது காட்டியதா?

தேசிய எரிபொருள் அட்டை அறிமுகமானபோது கியூஆர் குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்றுதான் கிடைத்தது. அந்த மாதங்களில் பலரும் சந்தை, வங்கி, மருந்து வாங்குதல் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்தார்கள். டவுனுக்குப் போகும் ஆட்டோவில் பக்கத்து வீட்டாரும் ஏறினார்கள். வரிசையில் நின்ற துன்பத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள். ஒருமித்துப் பயணம் செய்யும் அந்தப் பழக்கமோ, 2023 செப்டெம்பரில் கட்டுப்பாடு நீங்கியதும் அந்த வரிசைகளோடு சேர்ந்து போய்விட்டது. அதை மட்டும் மீட்டுக்கொள்வதற்கு எந்தச் செலவும் இல்லை.

மரம் நட்டு ஈடுசெய்துவிடலாமா?

வளர்ந்த மரமொன்று ஆண்டுக்கு ஈர்ப்பது ஏறத்தாழ 20 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அது 9 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். மரத்தை மண்சரிவுக்காகவும் நீரூற்றுக்காகவும் நடுங்கள். பெற்றோலுக்கு ஈடாக வேண்டாம்.

பஸ் நேரத்துக்கு வராததால்தான் ஆட்டோ பிடிக்கிறோம். யாரிடம் முறையிடுவது?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா ஆலோசனைகளையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் ஓடும் ஒரு பஸ்தான். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் என்றால் உங்கள் பாதைக்குப் பொறுப்பான டிப்போ முகாமையாளருக்கும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கும், மாகாணம் கடந்து ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் எழுத வேண்டும். "பஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தத் தரிப்பிடத்தில், எந்த நேரத்தில், சாதாரண நாளொன்றில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மாணவர்கள், இப்போது ஆட்டோவுக்கு ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை ஒரு வாரம் எழுதிவைத்து, தோட்டத் தலைவரினதும் பாடசாலை அதிபரினதும் கையொப்பத்தோடு அனுப்புங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதி, பதிலையும் தமிழிலேயே பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளது.